தோற்ற மறுநாள் பயிற்சி

கெடாவின் செர்டாங் வட்டாரத் தோட்டங்களில் ஒரு காலத்தில் கோயிலுக்குப் பக்கத்திலேயே பந்து விளையாட ஒரு திடல் இருக்கும். பால்மரக் காடு செம்பனையாக மாறி, லயத்துச் சனங்கள் தாமான்களுக்குக் குடிபோன பிறகு பல திடல்கள் போய்விட்டன. பிள்ளைகளுக்கு ஆட்டத்தின் மேல் உள்ள ஆசை மட்டும் போகவில்லை. அவர்களுக்குத்தான் காற்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். இந்த வேலைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். கெடாவில் வெள்ளியும் சனியும்தான் பள்ளி விடுமுறை. வெள்ளிக் காலை ஆட்டம் வைத்தால் பதினொரு மணிக்குள் முடித்துவிடுங்கள். மலாய்ப் பிள்ளைகள் குளித்துவிட்டுத் தொழுகைக்குப் போக வேண்டும். நோன்பு மாதத்தில் ஓட்டத்தைக் குறைத்து, பந்தைத் தொட்டுப் பழகும் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சனி இரவு இங்கிலாந்து ஆட்டம் பார்த்து, ஞாயிறு காலை பள்ளிக்கும் போய்வந்த பையனை அன்று மாலை விரட்டாதீர்கள்.

மாலை மழை இங்கே சொல்லாமல் வரும். இடி கேட்டால் உடனே திடலைக் காலிசெய்து, பிள்ளைகளைக் கட்டடத்துக்குள் கொண்டுபோங்கள்; மரத்தடி கூடாது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழியட்டும். “மழைதான் விட்டிருச்சே கோச்” என்று பெற்றோர் சொல்வார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

சின்னப் பிள்ளைகளைப் பக்கத்துக்கு 11 பேராக நிறுத்தினால் கூச்சப்படும் பிள்ளையின் காலுக்குப் பந்தே வராது. நாலுக்கு நாலாக ஆடவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது, தோற்ற பிறகு வரும் முதல் பயிற்சி. டத்தோ கே. ராஜகோபால் மலேசிய தேசிய அணியைப் பயிற்றுவித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 2009இல் அவருடைய இளைஞர்கள் லாவோஸ் சீ விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார்கள். 20 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த தங்கம் அது. மறு ஆண்டு, தென்கிழக்காசிய அணிகள் மோதும் சுசுகி கிண்ணப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 5-1 என்று அடி வாங்கினோம். அதே மாதக் கடைசியில் புக்கிட் ஜாலில் அரங்கில், அதே இந்தோனேசியாவை இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் 3-0 என்று வென்றோம். ஜகார்த்தாவில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் 2-1 எனத் தோற்றும் மொத்தம் 4-2 கணக்கில் கிண்ணம் நமக்கு வந்தது. ஐந்து கோல் வாங்கிய அணியைச் சில வாரங்களில் அப்படி நிமிர்த்தியதை நான் மிகப் பெரிய வேலையாக மதிக்கிறேன்.

நம் பிள்ளைகள் தோற்றால் வேனில் யாரையும் திட்டாதீர்கள். அடுத்த பயிற்சிக்கு முன்பே கோல்காவலரிடம் தனியாகப் பேசுங்கள். எல்லாப் பழியும் தன்மேல்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பான். அந்த ஆட்டத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவனை முதலில் இறக்குங்கள். அணியை விட்டு நின்றுபோகும் பிள்ளை பெரும்பாலும் அவன்தான். வீட்டில் கேட்டால் “படிப்பு கெடுது கோச்” என்பார்கள். ஆட வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தால் அதே பிள்ளை படித்துவிட்டும் வருவான்.

பந்தைத் தவிர உங்களுக்கென்று வேறொன்றும் இருக்கட்டும். எனக்குச் சனிக்கிழமை காலையில் கிரியான் ஆற்றங்கரையும் தூண்டிலும் போதும். பெற்றோர்களின் வாட்ஸ்அப் எட்டாத நேரம் அது. ஒருமுறை என் அணிப் பையன் ஒருவன் தன் அப்பாவோடு அங்கே வந்திருந்தான். திடலில் வாயே திறக்காதவன், மீன் பேச்சுக்கு நடுவே, “குதிகால் ரொம்ப நாளா வலிக்குது கோச்” என்றான். வளரும் வயதில், அதிகம் ஓடும் பிள்ளைகளுக்கு இந்த வலி வருவதுண்டு. கிளினிக்கில் காட்டச் சொன்னேன், ஓய்வு கொடுத்தோம், வலி போனது. அதிலிருந்து ஒவ்வொரு பயிற்சியும் தொடங்குமுன் எல்லாரிடமும் எங்காவது வலிக்கிறதா என்று கேட்கிறேன். கூட்டத்தில் சொல்லக் கூச்சப்படுபவர்கள் காலணிக் கயிறு கட்டும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள், அப்போது சொல்லிவிடுவார்கள்.