இசைக்கு இரண்டு, படத்துக்கு ஐந்து

ஒலியியலில் நிலை அலைகளைப் பற்றிப் படித்தபோது, அவை எங்கள் வீட்டுக் கூடத்திலும் நிற்கின்றன என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. நினைக்க வைத்தவர் என் தந்தையார். மைக் செட் வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடத்தியவர். தம் கையால் செய்த எட்டங்குல ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டில் இரவுதோறும் நாகசுரம் கேட்பார். தம்பிக்கோ திரைப்படம், சுற்றிலும் ஒலி வேண்டும். பழைய பெட்டிகளைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொண்டு 5.1 செட் தருவதாகக் கடைக்காரர் ஒருவர் சொன்னார். அப்பா மறுக்கவில்லை. நான்தான் ஒரு வாரம் தவணை கேட்டேன்.

ஸ்டீரியோ என்பதே திரையரங்கில் முளைத்த எண்ணம். ஆலன் புளூம்லின் என்ற ஆங்கிலப் பொறியாளர் மனைவியோடு படம் பார்க்கப் போனார். நடிகர் ஓரிடத்தில் நிற்க, குரல் வேறிடத்திலிருந்து வருவது அவரை உறுத்தியது என்பர். 1931-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1933-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் பிலடெல்பியாவில் வாசித்த இசையை வாஷிங்டன் அரங்கில் ஒலிக்கச் செய்தபோது மூன்று தடங்களைக் கையாண்டனர். ஆனால் இசைத்தட்டின் பள்ளத்துக்கு இரண்டு சுவர்கள்தாமே! 1958 வாக்கில் வீட்டுக்கு வந்த ஸ்டீரியோ இரண்டோடு நின்றது.

இரண்டு பெட்டிகளும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமைந்தால், நடுவே ஒன்றுமில்லாத இடத்திலிருந்து நாகசுரம் எழும். இரு செவிகளுக்கும் ஒலி ஒரே கணத்தில் எட்டுவதே காரணம். ஓரடி நகர்ந்து உட்கார்ந்து பாருங்கள். ஒரு பெட்டி ஓரடி அருகில் வந்தால் அதன் ஒலி ஏறத்தாழ ஒரு மில்லி வினாடி முந்தும். பிம்பம் முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். ஆகவே ஸ்டீரியோ ஒரு நாற்காலிக்கு உரியது. படமோ குடும்பத்துக்கு உரியது.

பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் பழைய ஏ.வி. ரிசீவர் ஒன்றும், பின்புறத்துக்குச் சிறு பெட்டிகள் இரண்டும், ஒரு சப்ஊஃபரும் வாங்கினேன். நடுப் பெட்டி வாங்கவில்லை; ரிசீவரில் 'நடுவில் இல்லை' என்று அமைத்தால் வசனம் இரு பக்கமும் பிரிந்துவிடும், அது போதும் என்று கணக்குப் போட்டேன். சமையலறை வாசலருகே உட்காரும் அம்மா அன்றே கேட்டார்: "பேசறவங்க நடுவுல நிக்கிறாங்க, சத்தம் மட்டும் ஏன் கதவுப் பக்கமா வருது?" பெல் ஆய்வகத்தார் மூன்றாவது தடம் வைத்த காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. மறு மாதம் நடுப் பெட்டியும் வந்தது.

அடுத்த பிழை என்னுடையதே. எல்லாம் வாங்கியாயிற்றே என்று நாகசுரத்தையும் ஐந்து பெட்டிகளிலும் ஒலிக்க விட்டேன். அப்பா சிறிது நேரம் கேட்டார். "ஏம்ப்பா, கச்சேரியில முதுகுக்குப் பின்னால உக்காந்து யாராவது வாசிப்பாங்களா?" என்றார். உடனே ஸ்டீரியோவுக்கு மாற்றினேன். இப்போது இசை அவருடைய இரு பெட்டிகளில் மட்டுமே. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்ஊஃபர் தாங்கிக்கொள்ளும். அந்த அதிர்வெண்ணில் அலைநீளம் 4.3 மீட்டர், எங்கிருந்து வருகிறது என்று செவிக்குத் தெரியாது.

நிலை அலை வந்தது இங்கேதான். எங்கள் கூடத்தின் நீளமும் 4.3 மீட்டர். ஒலியின் வேகத்தை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் ஏறத்தாழ 40 ஹெர்ட்ஸ். அந்தச் சுரத்தை ஓடவிட்டு நடந்து பார்த்தேன். சுவரோரத்தில் முழங்கியது, கூடத்தின் நடுவில் ஏறக்குறைய மறைந்தது. அப்பாவின் நாற்காலி சரியாக நடுவில்! மூன்றடி பின்னால் தள்ளியதும் தவிலின் தொப்பி நிறைந்து ஒலித்தது. காசு செலவில்லாத திருத்தம் இது ஒன்றுதான்.

சப்ஊஃபரின் குமிழை ஏற்றச் சொல்லித் தம்பி வற்புறுத்தினான். படத்தின் தாழ்சுரத் தடம் ஏற்கெனவே 10 டெசிபல் கூடுதலாகவே ஒலிக்கும்படி வகுக்கப்பட்டது. குமிழையும் ஏற்றினால் தவில் இடியாகிவிடும். அது வேலை செய்வதே தெரியாத அளவில் நாகசுரத்துக்கு அமைத்தேன். படத்தில் இடி தானாகவே வந்தது.

ஒரு குறை மட்டும் நிற்கிறது. கடையில் வாங்கிய நடுப் பெட்டியின் குரல் அப்பாவின் பெட்டிகளோடு ஒட்டவில்லை. நடிகர் திரையில் இடமிருந்து வலம் நடந்தால் நடுவில் அவருக்குச் சளி பிடித்தாற்போல் இருக்கிறது. அப்பா பலகை அளந்து கொண்டிருக்கிறார். அதே எட்டங்குல ஸ்பீக்கர் இன்னும் ஒன்று கிடைக்குமா என்று நான் கடை கடையாகக் கேட்டு வருகிறேன்.