மரத்தின் மணமும் துளைக்கும் வண்டும்

கிருஷ்ணகிரி மாவட்டத்து மாந்தோப்புகளுக்குத் தண்டு துளைப்பான் பழம் பகை. தாய் வண்டு பட்டையின் வெடிப்பில் முட்டையிடும். புழு உட்சென்று கட்டையைக் குடையும். துளை வழியே மரத்தூள் உதிரும்போதுதான் நாம் அறிகிறோம். அதற்குள் கிளை வாடத் தொடங்கிவிடும். ஆகவே, துளைக்கும் வண்டுகள் மரத்தை எவ்வாறு தேடிக் காண்கின்றன என்பதை அங்கத்தினர்கள் அறிதல் அவசியம்.

வண்டு தன் உணர்கொம்புகளால் மணத்தை அறிகிறது. வாட்டமுற்ற மரத்தின் திசுக்களில் சாராயம் உண்டாகிக் காற்றில் கலக்கும். கட்டை துளைக்கும் சிறுவண்டுகள் பல அம்மணத்தை நாடி வருகின்றன. தென்னையின் சிவப்புக் கூன்வண்டும் காயத்தின் மணத்தை நாடும். அதன் ஆண் வண்டு தன் இனத்தை அழைக்க வெளியிடும் மணப்பொருள் இன்னதென்று 1993-இல் அறிவிக்கப்பட்டது. அதனுடன் புளித்த உணவின் மணமும் சேர்ந்தால் பொறியில் வண்டுகள் மிகுதியாக விழும்.

இதனைச் சோதிக்கும் முறை எளிது. ‘ஒய்’ வடிவக் கண்ணாடிக் குழாயின் இரு கிளைகள் வழியே கரியில் வடித்த காற்றை மெல்லச் செலுத்துவர். ஒரு கிளையில் மரப்பட்டையின் மணம்; மற்றதில் வெறுங்காற்று. அடியில் ஒரு வண்டை விட்டு, அது செல்லும் கிளையைக் குறிப்பர்.

இதில் மூன்று விதிகள் உண்டு. ஒரு வண்டை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தலாகாது. முன்சென்ற வண்டின் வாடை நீங்கக் குழாயைக் கழுவுதல் வேண்டும். மணத்தின் பக்கத்தை அவ்வப்போது மாற்றுதல் வேண்டும். இல்லையேல் வண்டு வெளிச்சத்தை நாடியதா, மணத்தை நாடியதா என்பது விளங்காது.

20 வண்டுகளில் 12 மணத்தின் பக்கம் சென்றால் போதுமா? போதாது. நாணயத்தை 20 முறை சுண்டினாலும் அவ்வாறு நேரக்கூடும். 15-க்குக் குறையாமல் சென்றால்தான் மணம் ஈர்த்தது என்று கொள்ளலாம். பின்னர் தோப்பிலும், மணமுள்ள பொறியையும் மணமற்ற பொறியையும் வைத்து ஒப்பிடுதல் வேண்டும்.

இப்பாடத்தின் பயன் யாது? மரத்தை வீணே காயப்படுத்தாதீர்கள். கவாத்துச் செய்த வெட்டுவாயில் போர்டோ பசை பூசுங்கள். பட்ட கிளைகளை அகற்றி எரியுங்கள். தென்னந்தோப்பில் மணப்பொறியை ஒருவர் மட்டும் வைத்தால் அயல்தோப்பு வண்டுகளும் அவரிடமே வந்து சேரும். ஊரார் கூடி வைத்தால் அனைவருக்கும் நலம். வண்டுக்கு வேலி இல்லை. ஆதலின் காவலும் கூட்டுறவாகவே அமைதல் வேண்டும்.