பனிக்கட்டியின் அடியில்

உலக உருண்டையின் உச்சியை உற்றுப் பாருங்கள். வடதுருவம் அமைந்துள்ள இடத்தில் நிலம் இல்லை. ஆர்க்டிக் பெருங்கடலே உள்ளது. ரஷ்யா, நார்வே, கிரீன்லாந்து, கனடா, அலாஸ்கா ஆகியவற்றின் கரைகள் அதனைச் சூழ்ந்துள்ளன. தென்துருவமோ இதற்கு நேர்மாறானது. அங்கே நடுவில் நிலமும் சுற்றிலும் கடலும் உள்ளன. பனிக்கரடி வாழ்வது வடக்கே. பென்குயின்கள் வாழ்வது தெற்கே. இரண்டும் அருகருகே நிற்கும் படங்களைப் பலர் வரைகின்றனர். இயற்கையில் அவை ஒன்றையொன்று கண்டதே இல்லை.

குளிர்காலத்தில் ஆர்க்டிக் கடலின் மேற்பரப்பு உறைந்து, ஓர் ஆள் உயரத்திற்கும் மேல் தடிப்பதுண்டு. மேலிருந்து நோக்குவோர்க்கு அது உயிரற்ற வெண்பாலையாகத் தோன்றும். ஆனால், அங்கு வாழ்க்கை தொடங்குவது பனிக்கட்டியின் அடிப்புறத்தில்தான். இளவேனிலில் கதிரவன் திரும்பி வந்ததும், பனிக்கட்டியை ஊடுருவும் மங்கிய ஒளியில் நுண்பாசிகள் வளர்கின்றன. கூனிறாலை ஒத்த சிற்றுயிர்கள், தலைகீழான புல்வெளியில் மேய்வனபோல அப்பாசியை மேய்கின்றன. அவற்றைத் துருவக் காட் மீன் உண்கிறது. உறைநிலையை ஒட்டிய நீரிலும் தன் குருதி உறையாமல் காக்கும் புரதம் அம்மீனின் உடலில் உண்டு.

அம்மீனை உண்பது வளையச் சீல். இது மீன் அன்று. நம்மைப் போலவே காற்றைச் சுவாசிக்கும் பாலூட்டி. எனவே, கடல் உறையத் தொடங்கும்போதே முன்துடுப்பின் நகங்களால் பனிக்கட்டியைச் சுரண்டி மூச்சுத் துளைகளை அமைக்கிறது. குளிர்காலம் முழுவதும் அவை மூடிக்கொள்ளாதவாறு காத்து வருகிறது. துளையின் மேல் பனித்தூள் குவிந்திருக்குமாயின், அதனைக் குடைந்து சிறு அறை அமைத்து அங்கே குட்டியை ஈனுகிறது. அவ்வறை குளிரையும் தடுக்கும். பகைவர் கண்ணிலிருந்தும் மறைக்கும்.

ஆயினும், பனிக்கரடியின் மோப்பத்திலிருந்து தப்புவது எளிதன்று. மூச்சுத் துளையின் அருகே அது மணிக்கணக்கில் அசையாது காத்திருக்கும். திறந்த நீரில் சீலின் விரைவுக்கு அதனால் ஈடுகொடுக்க இயலாது. ஆகவே, நன்கு நீந்தவல்ல கரடிக்கும் வேட்டைக்குப் பனிக்கட்டி வேண்டும். கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் கோடையில் பனி உருகியதும் கரடிகள் கரையேறுகின்றன. மீண்டும் கடல் உறையும்வரை உடலில் சேமித்த கொழுப்பைக் கொண்டே பெரும்பாலும் உயிர் வாழ்கின்றன. இப்போது பனி முன்னதாகவே உருகுவதால் அப்பட்டினிக் காலம் நீண்டுள்ளது. செயற்கைக்கோள்கள் 1979 முதல் ஆர்க்டிக் பனிப்பரப்பை அளந்து வருகின்றன. அவ்வளவுகளின்படி, 2012 செப்டம்பரில் அது மிகக் குறைந்த அளவை எட்டியது.

நார்வேயைச் சேர்ந்த ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், இந்தியாவின் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் 2008ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. அதன் அருகே கோங்ஸ் ஃபியோர்டு என்னும் குறுகிய கடற்கழி உள்ளது. 2014ஆம் ஆண்டு நம் அறிவியலாளர் 'இண்டார்க்' என்னும் கருவித் தொகுதியை அதனுள் 192 மீட்டர் ஆழத்தில் நிறுத்தினர். கதிரவன் தோன்றாத மாதங்களிலும் நீரின் வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் அறிய அது உதவியது. முன்பு குளிர்காலந்தோறும் உறைந்த அக்கழியில், அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் புகுவதால் இப்போது பனி மிகக் குறைவாகவே உருவாகிறது. பனி இல்லாவிடில் அதன்மேல் பனித்தூள் குவிய இடமில்லை. அறை குடைய வழியற்ற சீல்கள் வெட்டவெளியில் குட்டி ஈனுகின்றன. அக்குட்டிகளைக் கரடி மட்டுமன்றிக் கடற்காகங்களும் தாக்குகின்றன.

சொல்லும் பொருளும்
ஊடுருவும் – உள்ளே புகுந்து செல்லும்
ஈனுகிறது – குட்டி போடுகிறது
கடற்கழி – நிலத்தினுள் நீண்டு செல்லும் கடல் நீர்ப்பகுதி

விடை எழுதுக
1. நுண்பாசி அழிந்தால் பனிக்கரடி பாதிக்கப்படுமா? காரணம் கூறுக.
2. வளையச் சீல் மூச்சுத் துளைகளை ஏன் காத்து வருகிறது?
3. 'வெண்பாலை' – இச்சொல்லைப் பிரித்து எழுதுக.