கல்லூரி பார்க்கப் போகுமுன்: எந்த நிகழ்ச்சிக்குப் போகலாம், எதை விடலாம்?

விதை வாங்கும் உழவர் பையின் மேல் அச்சிட்ட படத்தை நம்பி வாங்குவதில்லை. நூறு விதையை எண்ணி, ஈரத் துணியில் முடிந்து வைத்து, எத்தனை முளைக்கிறது என்று பார்த்த பிறகே நாற்றங்காலில் விதைக்கிறார். நான்கு ஆண்டு, ஐந்தரை ஆண்டு பிள்ளையை ஒப்படைக்கும் கல்லூரி விஷயத்தில் மட்டும் நம்மில் பலர் பையின் படத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறோம்.

மேல்நிலைத் தேர்வு முடிந்ததும் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர், மணலி, மீஞ்சூர் பகுதிகளில் கல்லூரி நோட்டீசுகள் வீடு தேடி வருகின்றன. கல்விக் கண்காட்சி, வழிகாட்டி முகாம், பாராட்டு விழா, வளாகப் பார்வை எனப் பெயர்கள் பல. இலவசப் பேருந்து உண்டு, மதிய உணவு உண்டு என்கிறார்கள். எல்லாவற்றிற்கும் போக யாராலும் இயலாது. போகவும் தேவையில்லை.

முதலில் அறிய வேண்டியது

வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம் ஆகிய படிப்புகளுக்கு அரசு ஒதுக்கீட்டு இடங்கள் கலந்தாய்வு மூலமே நிரப்பப்படுகின்றன. அங்கு மதிப்பெண் தரவரிசையும் இட ஒதுக்கீடுமே பேசும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு, 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. நீங்கள் கல்லூரி விழாவுக்குப் போனீர்களா என்று எவரும் கேட்பதில்லை. ஆகவே போகாவிட்டால் இடம் போய்விடுமோ என்ற அச்சம் வேண்டாம். நாம் போவது நம் கண்ணால் பார்த்துத் தெளிவதற்காக மட்டுமே.

ஒரு நாளின் விலை

இலவசம் என்ற நிகழ்ச்சிக்கும் செலவு உண்டு. எடுத்துக்காட்டாக, தந்தையின் ஒரு நாள் கூலி ரூ.800, இருவர் போக்குவரத்து ரூ.100, சாப்பாடு ரூ.200 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு ரூ.1,100 ஆகிறது. ஐந்து நிகழ்ச்சிக்கு ரூ.5,500. இத்தொகையில் விண்ணப்பக் கட்டணம், சான்றிதழ் நகல், கலந்தாய்வுப் பயணம் ஆகியவற்றில் பெரும் பகுதியை முடித்துக்கொள்ளலாம். எனவே ஒரு பிள்ளைக்கு மூன்று நாள் என்று அளவு வைத்துக்கொள்வது நலம். அந்த மூன்று நாளையும் எதற்குச் செலவிடுவது என்பதே கேள்வி.

தரம் பிரித்தல்

1. மண்டபத்தில் நடக்கும் கண்காட்சி: பல கல்லூரிகளின் கடைகள் ஓரிடத்தில் இருக்கும். துண்டறிக்கை சேர்க்கலாம், கல்லூரியைப் பார்க்க இயலாது. வீட்டுக்கு அருகில் நடந்தால் ஒரு மணி நேரம் போய் வரலாம். வேலையை விட்டுப் போக வேண்டாம்.

2. பரிசும் பாராட்டும் தரும் விழா: இங்குப் பேச்சு மிகுதி, பார்வை குறைவு. சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கை மகனுடன் இத்தகைய விழா ஒன்றுக்குப் போனேன். காலை எட்டு மணிக்குப் பேருந்து ஏறினோம். சிறப்பு விருந்தினர் வரப் பதினொன்று ஆயிற்று. ஆய்வுக்கூடத்தைக் காட்டுங்கள் என்று கேட்டதற்கு இன்று பூட்டியிருக்கிறது என்றார்கள். ஆனால் முன்பணம் வாங்கும் மேசை மட்டும் மாலை வரை திறந்திருந்தது. இத்தகைய நிகழ்ச்சிகளைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

3. பள்ளி வழியாக நடக்கும் அரசு முகாம்: ‘நான் முதல்வன்’ திட்டத்தின்கீழ் 2022-இல் ‘கல்லூரிக் கனவு’ வழிகாட்டி நிகழ்ச்சி தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளி மாணவர்களைக் கல்லூரிக்கே அழைத்துச் செல்லும் களப்பயணங்களும் நடந்துள்ளன. இப்படிப்பட்ட அழைப்பு பள்ளியிலிருந்து வந்தால் பிள்ளையை அனுப்புங்கள். விற்பனை நோக்கம் இல்லை. ஆசிரியர் உடன் வருகிறார்.

4. கல்லூரியின் வேலை நாள்: இதுவே முதல் தரம். விழா இல்லாத சாதாரண நாளில், முன்கூட்டித் தொலைபேசியில் கேட்டு அனுமதி பெற்றுப் போக வேண்டும். வகுப்பு, பண்ணை, விடுதி மூன்றும் அன்றுதான் உள்ளபடி தெரியும்.

நம் பகுதியில் எங்கே பார்க்கலாம்?

கால்நடை மருத்துவம்: வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கப்பட்டது. இதன் மருத்துவமனைக்குப் பொதுமக்கள் நாள்தோறும் கால்நடைகளைக் கொண்டு வருகின்றனர். உங்கள் ஆட்டையோ நாயையோ சிகிச்சைக்குக் கொண்டுபோகும் நாளில் பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மாணவர்கள் மருத்துவருடன் நின்று வேலை செய்வதைப் பார்க்கலாம். இரத்தத்தையும் சாணத்தையும் கண்டு பிள்ளை முகம் சுளிக்கிறதா, முன்னே வந்து எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். எந்த மேடைப் பேச்சும் இதைச் சொல்லித் தராது. படிப்புக் காலம், உள்ளிருப்புப் பயிற்சி உட்பட, ஐந்தரை ஆண்டு.

மீன்வளம்: பொன்னேரியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி உள்ளது. திருவொற்றியூர், எண்ணூரிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் பொன்னேரிக்கு நேரே போகலாம். படிப்பு நான்கு ஆண்டு. மீன் குளங்களையும் ஆய்வுக்கூடத்தையும் கேட்டுப் பாருங்கள். மீனவர் பிள்ளைகளுக்கான ஒதுக்கீடு பற்றியும் விசாரியுங்கள்.

கடல் தொழிற்பயிற்சி: ராயபுரத்தில் மத்திய மீன்வளக் கடல்சார் பொறியியல் பயிற்சி நிறுவனத்தின் பிரிவு 1968 முதல் இயங்குகிறது. பத்தாம் வகுப்பு தேறியவர்கள் மீன்பிடிக் கப்பல் செலுத்துதல், கப்பல் இயந்திரம் பொருத்துதல் ஆகியவற்றில் இரண்டு ஆண்டுப் பயிற்சி பெறலாம். காசிமேட்டுக்கு இவ்வளவு அருகில் இருந்தும், துறைமுகத்தில் பலர் இதன் வாயிலைக் கடந்து போகிறார்களே தவிர உள்ளே போய்க் கேட்பதில்லை.

வேளாண்மை: திருவள்ளூர் அருகே திரூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. உழவர் பயிற்சிக்குப் போகும் நாளில் பிள்ளையையும் கூட்டிச் செல்லலாம். மேலும், வேளாண் மாணவர்கள் இறுதியாண்டில் கிராமங்களில் தங்கிப் பணி அனுபவம் பெறுகின்றனர். அவர்கள் உங்கள் ஊருக்கு வந்தால், கல்லூரியே வீட்டு வாசலுக்கு வந்ததாகக் கொண்டு வேண்டியதைக் கேளுங்கள்.

பருவம் பார்த்துப் போதல்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருக்கும் இந்நாட்களில்தான் தேர்வு முடிவும் விண்ணப்பமும் வருகின்றன. கல்லூரி பார்க்க இதைவிட ஏற்ற காலம் இல்லை. பொன்னேரி, மீஞ்சூர் உழவர்களுக்கோ அது சொர்ணவாரிக்கு நாற்றுவிடும் நேரம். அவர்கள் பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே ஓய்வு கிடைக்கும் நாளில் பார்த்துவிடுவது நல்லது. மே மாதத்தில் வகுப்புகளுக்கு விடுமுறை இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் மாட்டுத் தொழுவத்திற்கும் மருத்துவமனைக்கும் முழு விடுமுறை கிடையாது.

அங்கே கேட்க வேண்டியவை

1. கல்விக் கட்டணம், விடுதி வாடகை, உணவுக் கட்டணம் ஆகியவை தனித்தனியே எவ்வளவு? நான்கு ஆண்டுக்கும் சேர்த்து எவ்வளவு?

2. வாரத்தில் எத்தனை மணி நேரம் செய்முறை?

3. சென்ற ஆண்டு தேறியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

4. தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு முதலாண்டில் என்ன உதவி கிடைக்கிறது?

இவற்றை அலுவலகத்தில் ஒரு முறையும் இரண்டாம் ஆண்டு மாணவரிடம் ஒரு முறையும் கேளுங்கள். விடை இரண்டும் ஒத்திருந்தால் நம்பலாம். பண்ணையில் மாட்டுக்குத் தீவனம் போடுபவரிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். மாணவர்கள் எப்போது வருகிறார்கள், வந்து என்ன செய்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

எச்சரிக்கை

எந்த நிகழ்ச்சிக்கும் மூலச் சான்றிதழைக் கொண்டு போக வேண்டாம், நகல் போதும். கல்லூரிகள் மூலச் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்துள்ளது. இன்றே கட்டினால் சலுகை என்றால், நாளை வருகிறோம் என்று எழுந்து வந்துவிடுங்கள். கால்நடை மருத்துவத்திற்கு இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்க வேண்டும். வேளாண் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது என்பதை அப்பல்கலைக்கழகத்திடமே கேட்டு உறுதி செய்ய வேண்டும். துறைமுகப் பகுதியில் கப்பல் வேலை என்று ஆசை காட்டும் பயிற்சி நிலையங்களும் உண்டு. கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஒப்புதல் இல்லாத பயிற்சியை வைத்து வணிகக் கப்பலில் ஏற முடியாது.

ஆக, மூன்று நாளில் ஒரு நாள் பள்ளி அழைக்கும் முகாமுக்கு. மற்ற இரண்டு நாள், இரண்டு கல்லூரிகளின் வேலை நாளுக்கு. வீடு திரும்பியதும் தந்தை பேசுமுன் பிள்ளையைப் பேசவிடுங்கள். கட்டடத்தைப் பற்றி மட்டும் சொன்னால் இன்னும் தெளியவில்லை என்று பொருள். கன்றைப் பற்றியோ குளத்து மீனைப் பற்றியோ தானாகப் பேசத் தொடங்கினால் விதை முளைவிட்டது என்று கொள்ளலாம். அதன்பின் விண்ணப்பம் போடுங்கள்.