எவர்சில்வரும் எக்ஸ் கதிரும்

மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா சென்றபோது நாம் ஒன்றைக் கவனித்திருப்போம். கடற்கரையோரக் கடைகளின் இரும்புச் சட்டங்களும் சன்னல் கம்பிகளும் துருப்பிடித்துப் பொரிந்து கிடக்கும். அதே கடையில் நாம் தண்ணீர் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரோ பளபளவென்று மின்னும். இரண்டும் இரும்பின் குடும்பமே. ஒரே உப்புக் காற்றுத்தான் இரண்டின் மீதும் வீசுகிறது. பின் ஏன் இந்த வேற்றுமை?

எவர்சில்வரில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து உலோகத்தின் மேல் மெல்லிய ஆடை ஒன்றை நெய்துகொள்கிறது. அந்த ஆடையின் கனம் 2 அல்லது 3 நானோமீட்டர்தான். நம் தலைமுடியின் கனத்தில் ஏறத்தாழ 30,000-இல் ஒரு பங்கு! கீறல் விழுந்தாலும் அது தானே மீண்டும் உருவாகிவிடும். ஆனால் உப்பிலுள்ள குளோரைடு அதைத் துளைக்கவல்லது. புளிப்பும் சேர்ந்தால் சேதம் இன்னும் விரைவாகும். "ஊறுகாயை எவர்சில்வரில் வைக்காதே, ஜாடியில் போடு" என்று நம் பாட்டிமார் சொல்வதன் காரணம் இதுவே.

கண்ணுக்கே தெரியாத இந்த ஆடையை விஞ்ஞானிகள் எப்படிக் கண்டார்கள்?

அணுவை அளக்கும் கதிர்

நாம் காணும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். அதைவிட மிகச் சிறியவற்றைச் சாதாரண நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது. முழம் போடும் கையால் கடுகை அளக்க முடியுமா?

1895-இல் ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். இவற்றின் அலைநீளம் அணுக்களுக்கு இடையேயுள்ள தூரத்தோடு ஒத்தது. ஆகவே, படிகத்தின் வழியே சென்ற கதிர்கள் சிதறும் கோலத்திலிருந்து அணுக்களின் வரிசையைக் கணக்கிடலாம். இவ்வழியைக் காட்டிய பிராக் தந்தையும் மகனும் 1915-இல் நோபல் பரிசு பெற்றனர். நம் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியர் ஜி. என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, எக்ஸ் கதிர்ப் படங்களின் துணையால் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் முப்புரிக் கயிறு போன்றது என்று 1950-களில் காட்டினார்.

1913-இல் மோஸ்லி என்ற ஆங்கில இளைஞர் மற்றொன்றைக் காட்டினார். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ் கதிரை வெளியிடும். அது அத்தனிமத்தின் கைரேகை போன்றது. இன்று எலெக்ட்ரான் நுண்ணோக்கியோடு எக்ஸ் கதிர்க் கருவியை இணைத்து, ஓர் உலோகத் துண்டில் எங்கே இரும்பு, எங்கே குரோமியம் என்று வரைபடமே எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அக்கதிர் பொதுவாக ஏறத்தாழ 1,000 நானோமீட்டர் ஆழம் வரையிலிருந்தும் வருகிறது. மேலாடையின் செய்தி அதில் மூழ்கிப் போகும்.

மீதிச் சில்லறைக் கணக்கு

இதற்கு வழி கண்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் கை சீக்பான். 1981-இல் நோபல் பரிசு பெற்றவர். எக்ஸ் கதிரைப் பொருளின் மீது பாய்ச்சினால் எலெக்ட்ரான்கள் வெளியே தெறிக்கும். நடத்துநரிடம் 50 ரூபாய் கொடுத்து, மீதிச் சில்லறையை எண்ணினால் டிக்கெட் விலை தெரிந்துவிடும் அல்லவா? அதுபோல, கதிர் கொடுத்த ஆற்றலிலிருந்து வெளிவந்த எலெக்ட்ரானின் ஆற்றலைக் கழித்தால், அது எந்த அணுவில் எவ்வளவு இறுகப் பிணைந்திருந்தது என்று அறியலாம். தனிக் குரோமியத்துக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்த குரோமியத்துக்கும் இக்கணக்கு சற்றே வேறுபடும். ஆழத்தில் பிறந்த எலெக்ட்ரான்கள் வழியிலேயே ஆற்றலை இழந்துவிடுவதால், மேற்பரப்பின் சுமார் 10 நானோமீட்டர் மட்டுமே பேசும். ஆடை அகப்பட்டுவிட்டது!

நம் அருகிலேயே

மாமல்லபுரத்துக்குத் தெற்கே நம் செங்கல்பட்டு மாவட்டத்துக் கல்பாக்கத்தில், 1971-இல் தொடங்கி 1985-இல் இந்திரா காந்தியின் பெயரைப் பெற்ற அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் எஃகின் இந்த மேலாடையை மேற்சொன்ன முறையால் ஆராய்கின்றனர். இது வெறும் ஆர்வத்துக்காக அன்று. 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய சோதனை ஈனுலையில் உருகிய சோடியமே வெப்பத்தைச் சுமந்து செல்கிறது. சோடியம் தண்ணீரைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை நம் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறோம். அதை அடக்கி வைத்திருப்பது எவர்சில்வரின் இனத்தைச் சேர்ந்த எஃகு. குளோரைடு பட்டு, இழுவிசையும் சேர்ந்தால் அவ்வெஃகில் மயிரிழை வெடிப்புகள் தோன்றலாம். கடற்காற்று வீசும் ஊரில் இது விளையாட்டன்று. ஆகவே குளோரைடைத் தாங்க எஃகில் மாலிப்டினம் சேர்க்கிறார்கள், உப்புப் படியாமல் காக்கிறார்கள், மேலாடையையும் சோதிக்கிறார்கள்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. ஹைட்ரஜனை இது காட்டாது. பொதுவாக மாதிரியை வெற்றிடத்தில் வைத்தே பார்க்க வேண்டும். ஆகையால் ஒரு கருவியின் சொல்லை மட்டும் நம்பாமல், பலவற்றைக் கேட்டே முடிவு செய்கின்றனர்.

தோழியரே! பளபளப்பு உறுதிக்குச் சான்றன்று. ஓர் ஊசிமுனைத் துளை போதும், உள்ளே கேடு தொடங்க. இன்று மாலை வீட்டில் பழைய எவர்சில்வர் பாத்திரம் ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்போம். உப்பு வைத்த இடத்தில் சிறு புள்ளிகள் தெரிந்தால், அங்கிருந்தே நம் பாடம் தொடங்கட்டும்.