தீபாவளிக்கு முன்னால் பட்டினி வேண்டாம்

கோயம்புத்தூர்

அன்புள்ள கண்ணு,

தீபாவளிக்குள் இளைத்துவிட வேண்டும் என்று காலையில் வெறும் காபி, மதியம் ஒரு ஆப்பிள், ராத்திரி ஒன்றுமில்லை என்று இருக்கிறாயாம். உன் அம்மா போனில் சொன்னாள். பண்டிகை வருவதற்குள் வயிற்றைக் கொஞ்சம் லேசாக வைத்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் நீ செய்வது பட்டினி. அதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

முதல் வாரமே எடை இறங்கியதில் உனக்குச் சந்தோஷம். இறங்கியதில் பெரும்பங்கு தண்ணீர், சாமி. ஈரலிலும் தசையிலும் உடம்பு சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன், ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சாப்பாடு இல்லாதபோது அது கரையும். தண்ணீரும் கூடவே போகும். ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்ததும் இரண்டும் திரும்பி வந்துவிடும். எனக்குப் பெரிய கவலை இரத்தம்தான். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மாதாமாதம் இரண்டு நாள் எழுந்திருக்க முடியாமல் படுக்கிறவள் நீ. உனக்குப் பட்டினி ஆகாது.

தீபாவளியன்று நாம் அப்படி என்னதான் தின்றுவிடுகிறோம், சொல்? எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் ஒரு உருண்டை லேகியம், அப்புறம் இட்லியும் கறிக்குழம்பும், இரண்டு கச்சாயம். மதியம் பாதிப் பேருக்குப் பசியே எடுக்காது. உடம்பில் கனம் ஏறுவது அதற்கு முந்தைய வாரங்களில். ஆபீஸில் யாராவது திறந்து வைக்கும் ஸ்வீட் பாக்ஸ், துணி எடுக்கப் போன களைப்பில் ஓட்டலில் பரோட்டா, ருசி பார்க்கச் சொல்லி நீட்டும் மிக்சர். காலையிலிருந்து வயிறு காய்ந்தவள் சாயங்காலம் அந்த பாக்ஸ் முன்னால் நின்றால் கை ஒன்றோடு நிற்குமா?

நம் வீட்டில் புரட்டாசி முழுக்கக் கறி கிடையாது. சனிக்கிழமை காரமடை அரங்கநாதருக்கு விரதம். நவராத்திரிக்கு வீட்டுக்கு வீடு சுண்டல். இதற்கு விஞ்ஞானக் காரணம் என்று வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நான் நம்புவதில்லை. ஆனால் ஐப்பசியில் எண்ணெய்ச் சட்டி ஏறுவதற்கு முன் ஒரு மாதம் பயறும் காயுமாகச் சாப்பிட்டால் உடம்பு இலகுவாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். நீயும் அந்த வழியில் போ.

காலையில் மூன்று இட்லி, சாம்பார் தாராளமாக. மதியம் சோற்றைப் பாதியாக்கி, பொரியலை இரண்டு பங்கு போட்டுக்கொள். பருப்போ கொள்ளு ரசமோ கட்டாயம் இருக்கட்டும். முந்தின ராத்திரி ஒரு பிடி தட்டைப்பயறு ஊறப்போட்டு, காலையில் வேகவைத்து டப்பாவில் எடுத்துப் போ. நாலு மணிக்கு எலுமிச்சை பிழிந்து சாப்பிடு. பயறில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சை உதவும். சாப்பிட்ட கையோடு காபி குடித்தால் அதுவே தடைபடும், ஆகவே காபியை ஒரு மணி நேரம் தள்ளி வை. ராத்திரி எட்டு மணிக்குள் இரண்டு தோசை போதும். எண்ணெயை மட்டும் கண்ணளவில் ஊற்றாதே. ஒரு டேபிள் ஸ்பூன் எண்ணெயே 120 கலோரி, கிட்டத்தட்ட இரண்டு இட்லி. ஸ்வீட் யாராவது கொடுத்தால் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு துண்டு எடுத்துக்கொள். அதற்காக மறுநாள் பட்டினி கிடக்காதே.

ஊருக்கு வருவதற்குள் அங்கேயே ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு எவ்வளவு என்று எனக்குச் சொல். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். டெய்லர் உன் ஜாக்கெட் அளவு கேட்டிருக்கிறார். இன்றைக்கு என்ன அளவோ அதையே அனுப்பு.

அன்புடன்,
பெரியம்மா