சுவரொட்டி என்னும் சான்று

நுழையும்முன்

திரையரங்கின் வாயிலிலும் தெருமுனைச் சுவரிலும் சில நாள்கள் மட்டுமே வாழ்வதற்கென அச்சிடப்படுபவை திரைப்படச் சுவரொட்டிகள். அவற்றைத் தேடிச் சேர்த்துவைப்போர் உலகெங்கும் உள்ளனர். சேர்ப்பது எளிது, சேர்த்தது மெய்யானதா என்று அறிவதே அரிது. பழைய தாள் ஒன்றின் எழுத்து, மை, மடிப்பு ஆகியவற்றைச் சான்றுகளாகக் கொண்டு உண்மை காணும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் வெளியானது. டி.பி. இராஜலட்சுமி நடித்த அப்படத்தின் படி ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. அதற்கு முன்னர் ஆர். நடராஜ முதலியார் எடுத்த ‘கீசகவதம்’ என்னும் மௌனப் படமும் அழிந்துபோயிற்று. அக்காலப் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆனவை. வெப்பத்தாலும் ஈரத்தாலும் பல சிதைந்தன. அவற்றிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவும் பல அழிக்கப்பட்டன. படம் மறைந்த பின்னர் அதனைப் பற்றி நமக்குச் சொல்வன பாட்டுப்புத்தகம், விளம்பரம், நிழற்படம், சுவரொட்டி ஆகியவையே.

இவ்வகையில் பழைய சுவரொட்டி வெறும் அழகுப் பொருளன்று. அது வரலாற்றின் சாட்சி. சாட்சி மெய்யானதாக இருந்தால் வரலாறு தெளிவடையும். பொய்யானதாக இருந்தால் வரலாறே திரிந்துவிடும். சேகரிப்பவர் போலியை இனங்காணக் கற்க வேண்டியது தம் பணத்தைக் காப்பதற்காக மட்டுமன்று என்பதை முதலில் உணர்தல் வேண்டும்.

கல்லில் பிறந்த கலை

1796ஆம் ஆண்டளவில் பவேரியாவைச் சேர்ந்த அலாய்ஸ் செனெஃபெல்டர் என்பவர் கல்லச்சு முறையைக் கண்டறிந்தார். எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று ஒட்டா என்னும் எளிய உண்மையே அதன் அடிப்படை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மீது எண்ணெய்ப் பசையுள்ள கோலால் வரைந்து, கல்லை நனைத்து, மையை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை பற்றும். வண்ணத்திற்கு ஒரு கல் என அமைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டுப் பல வண்ணப் படங்களை உருவாக்கினர்.

பாரிசு நகரில் ஜூல் ஷெரே என்னும் ஓவியர் இம்முறையால் சுவரொட்டியைக் கலையாக உயர்த்தினார். 1892இல் எமில் ரேனோவின் அசையும் ஒளிப்படக் காட்சிக்கு அவர் வரைந்த சுவரொட்டி, லூமியேர் உடன்பிறந்தார் 1895 டிசம்பர் 28 அன்று பாரிசில் நிகழ்த்திய புகழ்பெற்ற காட்சிக்கும் முற்பட்டது.

இந்தியாவில் ஓவியர் இரவிவர்மா 1894இல் பம்பாயில் நிறுவிய கல்லச்சகம், வண்ணப்படங்களை எளிய மக்களின் வீடுகளுக்குக் கொண்டுசென்றது. பின்னர்த் திரைப்பட இயக்குநரும் ஓவியருமான பாபுராவ் பெயிண்டர் சுவரொட்டிக் கலைக்கு வழிகாட்டினார். 1924இல் வெளிவந்த ‘கல்யாண் கஜினா’ படத்தின் சுவரொட்டி, இந்தியத் திரைச் சுவரொட்டிகளுள் இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய ஒன்றாகக் கருதப்படுகிறது. தமிழகத்தில் சிவகாசி அச்சுத்தொழிலின் நிலைக்களமாக வளர்ந்து, நாட்காட்டிகளோடு சுவரொட்டிகளையும் அச்சிட்டு வழங்கியது.

இவ்வளவு அச்சிடப்பட்டும் எஞ்சியவை சிலவே. ஒட்டிய சுவரொட்டியை மழை நனைத்தது, வெயில் வெளுத்தது, பசையின் சுவை கண்ட மாடுகள் கிழித்துத் தின்றன, அடுத்த வாரப் படத்தின் சுவரொட்டி அதன்மேலேயே ஒட்டப்பட்டது. அச்சகத்திலும் விநியோகஸ்தர் அலுவலகத்திலும் திரையரங்கின் மூலையிலும் ஒட்டப்படாமல் கிடந்தவையே பெரும்பாலும் நமக்குக் கிடைத்துள்ளன.

தொடக்கம் எங்கே?

சேகரிப்பைத் தொடங்குவோர் முதலில் ஓர் எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும். ஓர் இயக்குநரின் படங்கள், ஒரு பத்தாண்டுக் காலம், தம் ஊர்த் திரையரங்கில் ஓடிய படங்கள் என ஏதேனும் ஒன்றைக் கொள்ளலாம். எல்லையற்ற சேகரிப்பு குவியலாகும். எல்லையுள்ள சேகரிப்பே அறிவாகும்.

விலையுயர்ந்தவற்றை உடனே வாங்குதல் கூடாது. பாட்டுப்புத்தகங்களும் துண்டறிக்கைகளும் குறைந்த செலவில் கண்ணைப் பழக்கும் பாடநூல்கள். ஓட்டம் முடிந்த படத்தின் எஞ்சிய சுவரொட்டியைத் திரையரங்கினரிடம் கேட்டுப் பெறலாம். சுவரில் ஒட்டியதைக் கிழித்தெடுத்தல் தகாது. அது தாளையும் கெடுக்கும், பிறர் உரிமையையும் மீறும்.

வாங்குவதற்கு முன்னர் மெய்யானவற்றைப் பலமுறை காணுதல் இன்றியமையாதது. 1964இல் புனேயில் நிறுவப்பட்ட இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் படச்சுருள்களோடு சுவரொட்டிகளையும் பாட்டுப்புத்தகங்களையும் பேணி வருகிறது. சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் திரைப்படம் சார்ந்த பழைய அச்சுப்பொருள்கள் உள்ளன. தமிழ்த் திரையுலகின் தகவல்களையும் நிழற்படங்களையும் வாழ்நாள் முழுவதும் திரட்டிய பிலிம் நியூஸ் ஆனந்தனின் உழைப்பு, ஒரு தனிமனிதரின் ஆர்வம் ஓர் இனத்தின் வரலாறாக வளரக்கூடும் என்பதற்கு எடுத்துக்காட்டு.

நால்வகைத் தாள்கள்

பழைய படத்தின் பெயரைத் தாங்கிய தாள்கள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. படம் முதலில் வெளியானபோது அச்சிடப்பட்டது அசல். அதே படம் பின்னர் மீண்டும் திரையிடப்பட்டபோது அச்சிடப்பட்டது மறுவெளியீட்டுச் சுவரொட்டி. 1964இல் வெளிவந்த ‘கர்ணன்’ திரைப்படம் 2012இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் வெளியானது. அவ்விரு காலத்துச் சுவரொட்டிகளும் மெய்யானவையே. ஆயினும் அவை ஒன்றல்ல. அலங்காரத்திற்காகப் பிற்காலத்தில் அச்சிட்டு, அவ்வாறே சொல்லி விற்கப்படுவது மறுஅச்சு. மறுஅச்சை அசல் என்று சொல்லி விற்கும்போதுதான் அது போலியாகிறது. ஆகவே, பொய் தாளில் இல்லை. தாளைப் பற்றிச் சொல்லப்படும் சொல்லில் இருக்கிறது.

தாளை விசாரித்தல்

1958இல் வெளிவந்த படத்தின் அசல் சுவரொட்டி என்று கூறி, ஒருவர் உங்களிடம் ஒரு தாளை நீட்டுகிறார் என்க. எவற்றையெல்லாம் நோக்க வேண்டும்?

முதலாவது, அதில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். அடியில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் இருக்கக்கூடும். முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் அத்தாள் 1958இல் அச்சானதாக இருக்க முடியாது; அவ்வெண் நடைமுறைக்கு வந்தது 1972இல். ‘யு/ஏ’ என்னும் தணிக்கைக் குறி இருந்தால் அது 1983க்குப் பிற்பட்டது.

தமிழ் எழுத்தின் வடிவமும் காலம் காட்டும். 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன்னர், ணை, லை, ளை, னை ஆகியவற்றின் ஐகாரக் குறி யானையின் துதிக்கைபோல் வளைந்து எழுத்தோடு ஒட்டியிருந்தது. ணா, றா, னா ஆகியவை தனித் துணைக்கால் இன்றிச் சுழித்து எழுதப்பட்டன. 1958ஆம் ஆண்டுத் தாளில் இன்றைய வடிவங்களே காணப்பட்டால் ஐயம் எழுதல் இயல்பு. எனினும், பெரியார் தம் இதழ்களில் 1930களிலேயே சீர்திருத்த எழுத்தைக் கையாண்டார். 1978க்குப் பின்னும் பழைய எழுத்தைக் கைவிடாத ஓவியர்கள் இருந்தனர். எனவே எழுத்து வடிவம் ஐயத்தை எழுப்பும் சான்றேயன்றி முடிவான தீர்ப்பு அன்று.

இரண்டாவது, அச்சை நோக்க வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும். கல்லச்சிலும், அதன் வழிவந்த துத்தநாகத் தகட்டு அச்சிலும் கையால் வரைந்த வண்ணப் பரப்பு, சுண்ணக்கோலால் தீட்டியதுபோல் ஒழுங்கற்ற மணிகளாகத் தெரியும். எழுத்துகளின் உட்பகுதி ஒரே வண்ணத்தால் திண்மையாக நிரம்பியிருக்கும். அதனை நிழற்படம் எடுத்து ஆஃப்செட் முறையில் மறுபடி அச்சிட்டால், ஓவியமும் எழுத்தும் ஒருங்கே சிறுசிறு வண்ணப் புள்ளிகளாகச் சிதறித் தோன்றும். கணினி அச்சுப்பொறியில் எடுத்ததாயின் மை தெளித்தாற்போன்ற நுண்துளிகள் காணப்படும். பழைய சுவரொட்டியில் நடிகரின் நிழற்படம் இடம்பெற்றிருப்பின் அப்பகுதியில் புள்ளிகள் இருத்தல் இயல்பே. திண்மையாக இருக்க வேண்டிய தலைப்பெழுத்திலும் அவை இருக்கின்றனவா என்பதே வினா.

மூன்றாவது, தாளை நோக்க வேண்டும். மரக்கூழால் ஆன மலிவுத் தாள், காற்றும் ஒளியும் படும் விளிம்பிலும் மடிப்பிலும் முதலில் பழுக்கும், பின்னர் நொறுங்கும். தேநீரில் நனைத்துப் பழமையேற்றிய தாளோ எங்கும் ஒரே சீராகப் பழுப்பேறியிருக்கும். தாளை வெண்மையாக்கும் ஒளிர்பொருள்கள் 1950களிலிருந்தே தாள் தொழிலில் பரவின. 1930களில் அச்சானதாகச் சொல்லப்படும் தாள், புறஊதா விளக்கின்கீழ் நீலவெண்மையாக ஒளிர்ந்தால் அதனை ஐயுற வேண்டும்.

நான்காவது, அளவும் மடிப்பும். அமெரிக்க ஒற்றைத்தாள் சுவரொட்டி பல்லாண்டுகள் 27×41 அங்குல அளவினதாய் இருந்தது. பிற்காலத்தில் நீளம் ஓர் அங்குலம் குறைந்தது. பிரித்தானியச் சுவரொட்டி 30 அங்குல உயரமும் 40 அங்குல அகலமும் உடையது. மறுஅச்சுகள் பெரும்பாலும் இவற்றினும் சிறியவை. பழைய சுவரொட்டிகள் மடித்தே அனுப்பப்பட்டன. ஆகவே மடிப்புக்கோட்டை விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் மடிப்பு விரலுக்குத் தட்டுப்படவில்லையெனில், அம்மடிப்பும் அசலிலிருந்து நிழற்படமாக எடுத்து அச்சிடப்பட்டதே.

தெரியுமா?

அமெரிக்காவில் 1940 முதல் பல்லாண்டுகள் நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்னும் நிறுவனம் திரைப்படச் சுவரொட்டிகளைத் திரையரங்குகளுக்கு வழங்கியது. அவற்றின் கீழ்விளிம்பில் ‘54/118’ என்பதுபோல் ஓர் எண் இருக்கும். சாய்கோட்டுக்கு முன்னுள்ள இரண்டு இலக்கங்கள் ஆண்டைக் குறிக்கும். எண்ணுக்கு முன் ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்து இருந்தால் அது மறுவெளியீட்டுச் சுவரொட்டி.

வல்லாரும் ஏமாறுவர்

1931இல் வெளிவந்த ‘டிராகுலா’ என்னும் அமெரிக்கத் திகில் படத்தின் சுவரொட்டி ஒன்று, 2017இல் நடந்த ஏலத்தில் 5,25,800 டாலருக்கு விற்பனையாயிற்று. ஒரு தாளுக்கு இத்துணை விலை கிடைக்கும்போது பொய்யும் அதனைத் தேடி வருகிறது. 1930களின் திகில் படங்களுக்குரியவை எனச் சொல்லி விற்கப்பட்ட சுவரொட்டிகளிலும் காட்சி அட்டைகளிலும் பல போலிகள் கலந்திருந்தமை 2009இல் வெளிப்பட்டது. அவை பழைய தாளில் அச்சிடப்பட்டு, செப்பனிடப்பட்டவைபோல் ஆக்கப்பட்டிருந்தன. தாளின் பழமையைக் கண்டு தேர்ந்த சேகரிப்பாளரும் ஏமாந்தனர்.

இந்நிகழ்வு உணர்த்தும் பாடம் இரண்டு. ஒரே சான்றை நம்பி முடிவு செய்தல் கூடாது என்பது ஒன்று. பொருள் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்னும் கைமாறிய வரலாற்றைக் கேட்டறிதல் வேண்டும் என்பது மற்றொன்று. உ.வே. சாமிநாதையர் ஒரு நூலைப் பதிப்பிக்கப் பல ஊர்களின் சுவடிகளைத் தேடி, ஒப்பிட்டு, பாடவேறுபாடு கண்டு, பின்னரே துணிந்தார். சுவரொட்டியை ஆராய்பவருக்கும் அதுவே நெறி. ஐயத்திற்குரிய தாளை, காப்பகத்திலுள்ள மெய்யான படியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதினும் சிறந்த சோதனை இல்லை. விற்பவர் ‘இன்றே வாங்க வேண்டும்’ என்று விரைவுபடுத்தினால், அதுவும் ஓர் எச்சரிக்கையே.

பேணலும் பதிவும்

கிடைத்ததைக் காப்பதும் கடமை. கிழிசலில் ஒட்டுநாடா ஒட்டினால் அதன் பசை தாளை நிரந்தரமாகக் கறைப்படுத்தும். நெகிழி உறையிட்டு வெப்பத்தால் ஒட்டிவிட்டால் பின்னர்ப் பிரிக்க இயலாது. அமிலமற்ற தாளுறையில், வெயிலும் ஈரமும் அணுகாத இடத்தில், கூடியவரை மடிக்காமல் வைத்தல் நலம்.

ஒவ்வொரு பொருளுக்கும் படத்தின் பெயர், அளவு, அச்சகம், பெற்ற நாள், பெற்ற இடம், தந்தவர், விலை, தாளின் நிலை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். இன்று நீங்கள் எழுதும் குறிப்பே, நாளை அப்பொருளின் கைமாறிய வரலாறாகும்.

எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் ஒருநாள் போலி ஒன்று நம் கைக்கு வந்துசேரலாம். அப்பொழுது நம் நேர்மையே சோதனைக்கு உள்ளாகிறது. இழந்த பணத்தை மீட்க அதனை இன்னொருவரிடம் அசலென்று தள்ளிவிட்டால், ஏமாந்தவர் ஏமாற்றுபவராக மாறிவிடுகிறார். அத்தாளின் பின்புறத்தில் ‘மறுஅச்சு’ என்று பென்சிலால் எழுதி, ஒப்பிட்டுக் கற்பதற்கான தாளாக வைத்துக்கொள்பவரோ அப்பொய்யின் பயணத்தைத் தம்மோடு நிறுத்துகிறார். காணாமற்போன படங்களின் சாட்சிகளைக் காப்பவருக்கு அழகு அதுவே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ ஊரிலோ உள்ள பழைய அச்சுத்தாள் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கி, கண்டவற்றை எழுதுக.

2. 1978க்கு முன் அச்சான நூல் ஒன்றின் எழுத்து வடிவங்களை இன்றைய வடிவங்களோடு ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.

குறுவினா

1. மறுஅச்சு எப்போது போலியாகிறது?

2. அஞ்சல் குறியீட்டு எண் சுவரொட்டியின் காலத்தை அறிய எவ்வாறு உதவுகிறது?

சிறுவினா

எழுத்து வடிவம் ‘ஐயத்தை எழுப்பும் சான்றேயன்றி முடிவான தீர்ப்பு அன்று’ – விளக்குக.

நெடுவினா

பழைய சுவரொட்டியின் மெய்ம்மையை அறியும் வழிமுறைகளைத் தொகுத்து, அவை வரலாற்று ஆய்வுக்கு எவ்வாறு பயன்படும் என்பதைக் கட்டுரையாக்குக.